வோட்டு எண்ணி முடிந்த பிறகு

2022-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் காங்கிரஸ் கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்தல் நடத்திற்று. 17-ஆம் தேதி வோட்டுப் போட்டார்கள். 19-ஆம் தேதி எண்ணினார்கள். மல்லிகார்ஜுன கார்கேக்கு 7,897 வோட்டு. சசி தரூருக்கு 1,072. செல்லாத வோட்டு 416. அன்று காலையில்தான் உத்தரப் பிரதேசத்து வோட்டுப் பதிவில் ஒழுங்கீனம் நடந்திருக்கிறது என்று தரூர் தரப்பில் புகார் கொடுத்திருந்தார்கள். முடிவு வெளியானதும் தரூர் கார்கேயை வாழ்த்தினார். வீட்டுக்கே போய்ப் பார்த்தார். அத்தோடு அந்த விவகாரம் தீர்ந்தது.

எங்கள் அருமனைக்கு இந்தச் செய்தி கொஞ்சம் நெருக்கமானது. தரூர் திருவனந்தபுரத்து எம்.பி. அருமனையில் காலையில் பஸ் ஏறினால் திருவனந்தபுரத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். 1956-இல் நடுவே ஓர் எல்லைக் கோடு விழுந்தது என்பதற்காக, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவைக்கும் அங்கே போவதை எங்களூர்க்காரர்கள் நிறுத்திவிடவில்லை. ஆகையால் சந்திப்புச் சாயாக்கடையில் அன்று இதுவே பேச்சு. ஒருவர் ரொம்பக் கோபமாக இருந்தார்: "காலம்பற தப்பு நடந்துண்ணு சொன்னவரு உச்சைக்கு வாழ்த்துச் சொல்லப் போறாரு. இதுக்கு என்னத்துக்கு ஓய் நிக்கணும்?" ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த இன்னொருவர் டம்ளரைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: "எண்ணியாச்சுல்லா? பின்ன என்ன?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒரே கட்சிக்குள் இருவர் மோதிக்கொள்கிறார்கள். ஒருவர் தோற்கிறார். தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? நேற்று வரை யாரை எதிர்த்தாரோ அவருக்காகத் தம் ஆட்களிடம் போய் வோட்டும் கேட்க வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நான்கு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்துவிடுகிறது. அங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சிக்குள்ளும் மாகாணம் மாகாணமாக ஒரு முன்தேர்தல் உண்டு. அதற்குப் பிரைமரி என்று பெயர். 2008-இல் பிரைமரியில் பாரக் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரி கிளிண்டன், ஜூன் 7-ஆம் தேதி தம் ஆதரவாளர்களைக் கூட்டி, இனி ஒபாமாவுக்கு வேலை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒபாமா ஜெயித்ததும் கிளிண்டனை வெளிநாட்டு இலாகாவுக்கு மந்திரியாக்கினார். இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகத்துக்கு வரவில்லை. 1954-ஆம் வருஷத்துச் சென்னைதான் வந்தது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். தேர்தலில் நிற்பவரைக் குறிக்க எங்கள் பக்கத்துப் பழைய மனிதர்கள் 'ஸ்தானார்த்தி' என்பார்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த நாளில் ஒட்டிக்கொண்ட சொல். ஸ்தானத்தை வேண்டுகிறவர் என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சென்னைப் பத்திரிகைகள் 'அபேட்சகர்' என்று எழுதின. இப்போது 'வேட்பாளர்' என்கிறோம். மூன்றிலும் இருப்பது ஆசைதான். ஆசை நிறைவேறாமல் போனவருக்கு நம்மிடம் தனியாக ஒரு பெயர் இல்லை. அவர் அப்புறம் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதும் இல்லை.

சி. சுப்பிரமணியம் என்ன செய்தார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். அடுத்த வருஷம் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பாதி நேரப் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ராஜ்யம் முழுவதும் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெளியில் பெரியாரும் திராவிடக் கட்சிகளும் எதிர்த்தார்கள். உள்ளே காங்கிரஸ்காரர்களே எதிர்த்தார்கள். 1954 மார்ச்சில் ராஜாஜி விலகினார். அடுத்த முதல் மந்திரி யார் என்று சட்டசபைக் காங்கிரஸ் கட்சி வோட்டெடுப்பு நடத்தியது. ஒரு பக்கம் காமராஜர். மறுபக்கம் ராஜாஜியின் நம்பிக்கைக்குரிய சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வோட்டு, சுப்பிரமணியத்துக்கு 41.

ஏப்ரல் 13-ஆம் தேதி பதவியேற்ற காமராஜர் மந்திரிசபையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். அந்த எட்டுப் பேரில் சுப்பிரமணியம் ஒருவர். அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் ஒருவர்.

இந்தக் கதையை மேடைகளில் காமராஜரின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அது உண்மைதான். எதிர்த்து நின்றவருக்குக் கல்வி இலாகாவையும் நிதி இலாகாவையும் கொடுத்து, பணப்பெட்டிச் சாவியை அவர் இடுப்பில் தொங்கவிட எல்லாருக்கும் மனசு வராது. ஆனால் மறுபக்கத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசக் கேட்டதில்லை. சுப்பிரமணியம் எதை ஏற்றுக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். ராஜாஜியின் கல்வித் திட்டத்தின் பக்கம் நின்றவர் அவர். அந்தத் திட்டத்தை மே மாதத்தில் கைவிட்டது புதிய மந்திரிசபை. அதில் கல்வி மந்திரி அவரேதான். பின்னால் காமராஜர் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் திறந்து மத்தியான உணவு போட்டபோதும் கல்வி இலாகா அவரிடம்தான் இருந்தது. அதற்குப் பணம் தேடிக் கொடுத்த நிதி மந்திரியும் அவரே. 1962 வரை இப்படி நடந்தது. தோற்றவர் ஜெயித்தவரின் வேலையை எட்டு வருஷம் செய்தார். முணுமுணுத்துக்கொண்டு செய்தார் என்றும் யாரும் சொன்னதில்லை.

அப்போது அருமனை சென்னை ராஜ்யத்தில் இல்லை. விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். ஆகவே மேலே சொன்னது எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். எங்கள் வீட்டில் நடந்ததையும் ஒன்று சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் உறுப்பினனாக இருந்த ஒரு வாசகசாலையில் காரியதரிசி பதவிக்குத் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். எங்கள் வழக்கப்படி ஊர் முழுவதும் அவரைச் 'சார்' என்றே கூப்பிடும். மறுபக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரி. சண்டை எதைப் பற்றி என்றால், கட்டிடத்துக்கு முன்னால் கிடந்த காலி இடத்தில் நாலு கடை கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்றார் வியாபாரி. கடை வந்தால் ஜன்னல் அடைபடும், வாசிக்க வெளிச்சம் போய்விடும் என்றார் சார். எனக்குச் சார் கட்சி. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மேடும் பள்ளமுமாக அங்கத்தினர் வீடு வீடாக ஏறி இறங்கினேன். சில வீடுகளில் மரச்சீனியும் கட்டன் சாயாவும் கிடைத்தன. வோட்டு கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

எங்கள் கோஷ்டியில் ஒரு பையன் வியாபாரியின் பழைய கணக்கு ஒன்றைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்தான். பாதி உண்மை, பாதி அனுமானம். அதை ஊரில் பரப்பினால் இருபது வோட்டாவது திரும்பும் என்றான். திரும்பியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். சார் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். "ஜெயிச்சா அவனுக்க கூட இருக்கணும், தோத்தா அவனுக்க கீழ இருக்கணும் பிள்ளே. இந்த ஊர விட்டு எங்க போவ?"

ஏழு வோட்டில் தோற்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வாசகசாலைக்குப் புறப்படுவதைப் பார்த்து நான் வழியில் மறித்தேன். இனி அங்கே அவருக்கு என்ன வேலை? "சாவி எனக்க கையிலல்லா இருக்கு. பத்திரம் வந்தா யாரு எடுத்து வைப்பா?" என்றார். எங்கள் பக்கத்தில் செய்தித்தாளுக்குப் பத்திரம் என்று பெயர். எட்டு மணிக்கு வியாபாரி வந்தார். அவரை உட்கார வைத்து, எந்தப் பெட்டியில் ரசீது, யார் யார் சந்தா பாக்கி, எந்தப் புத்தகத்தை யார் ஒரு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் கோஷ்டியில் பலர் சந்தாவை நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் சாரே வந்து வசூல் செய்துகொண்டு போய்விட்டார்.

ஆனால் கடை விஷயத்தில் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, வெளிச்சம் போகும் என்று பழைய பாட்டையே பாடினார். வியாபாரியும் கேட்டார். கடைசியில் நாலு கடை இரண்டு கடையாகி, தெற்கு ஜன்னல் தப்பியது. வாடகைப் பணத்தில் வருஷா வருஷம் புத்தகம் வந்தது. எந்தப் புத்தகம் என்று முடிவு செய்தவர் சார். அந்த ஏழு வோட்டைப் பற்றி எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. மறுபடியும் எண்ணியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அது போகட்டும்.

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. தோற்றவர் ஜெயித்தவருக்குக் கை கொடுக்க முடியுமா, முடியாதா என்பது வோட்டு எண்ணுகிற அன்று முடிவாவதில்லை. பிரசாரத்தின்போது அவர் என்ன பேசினார் என்பதில் அது ஏற்கெனவே முடிவாகிவிடுகிறது. தோல்வியை ஒப்புக்கொள்ளுவது வேறு, அது கணக்கு. 93 என்றால் 93, ஏழு என்றால் ஏழு. அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆதரவு கொடுப்பது சொல். முதல் நாள் ஒருவரை யோக்கியன் அல்ல என்று சொல்லிவிட்டு மறுநாள் அவருக்கு வோட்டுப் போடுங்கள் என்றால், இரண்டில் எந்த நாள் பொய் சொன்னார் என்று ஜனங்கள் கேட்கத்தான் செய்வார்கள். தரூர், போட்டி நடந்த நாள் முழுவதும், கார்கே மேல் தமக்கு மரியாதை உண்டு, இது விரோதமல்ல என்றே சொல்லி வந்தார். அதனால் வாழ்த்தும்போது அவர் எதையும் விழுங்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கட்சியின் காரியக் கமிட்டியில் அவர் பெயரும் இருந்தது.

அமெரிக்காவில் 2016-இல் நடந்தது வேறு மாதிரி. குடியரசுக் கட்சிப் பிரைமரியில் டெட் குரூஸ் டொனால்ட் டிரம்ப்பிடம் தோற்றார். பிரசாரத்தில் டிரம்ப் குரூஸின் மனைவியையும் தகப்பனாரையும் இழுத்து இழிவாகப் பேசியிருந்தார். குரூஸும் அவரைப் பொய் சொல்வதையே வியாதியாகக் கொண்டவர் என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். ஜூலையில் கட்சி மகாநாட்டு மேடையில் ஏறிய குரூஸ், டிரம்ப்புக்கு வோட்டுப் போடச் சொல்லாமலே பேசி முடித்தார்; கூட்டம் கூச்சல் போட்டது. அன்று எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. அவர் கொள்கைகள் எனக்கு ஒத்துவராதவை; ஆனாலும் வந்தது. செப்டம்பரில் ஆதரவு தெரிவித்துவிட்டார். இரண்டு மாதத்தில் எந்தச் சொல் மாறியது?

அப்படியானால் மனசார ஆதரிக்க முடியாதவர் என்ன செய்வது? வெளியேறலாம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. 1950-இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் புருஷோத்தம தாஸ் டாண்டனிடம் தோற்ற ஆசார்ய கிருபளானி அடுத்த வருஷம் கட்சியை விட்டே போய், தனிக் கட்சி தொடங்கினார். ராஜாஜியும் அப்படித்தான். அவருடைய சீடர் காமராஜரோடு இருந்தார், அவர் இருக்கவில்லை. 1957 தேர்தலில் காங்கிரஸுக்கு எதிராக ஆட்களை நிறுத்தி, 1959-இல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். எதிரி என்றால் எதிரி. வாசலில் நின்று சொன்னார். ராமாயணத்தைத் தமிழில் எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்குமா? ராவணன் சபையில் விபீஷணன் பேச்சும் எடுபடவில்லை, கும்பகர்ணன் பேச்சும் எடுபடவில்லை. ஒருவன் சொல்லிவிட்டு வெளியே போனான். மற்றவன் சொல்லிவிட்டு அண்ணனுக்காகச் செத்தான். யார் செய்தது சரி என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டே இருக்கிறோம். இலங்கைக்குள் இருந்துகொண்டே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று இருவரையும் யாரும் சொல்ல முடியாது.

அந்த மூன்றாவது வகைக்கு உதாரணம் வேண்டுமானால் 1969-க்குப் போக வேண்டும். அதில் எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1967-இல் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வோட்டில் தோற்ற காமராஜரை, நேசமணி காலமானதால் வந்த இடைத்தேர்தலில், 1969 ஜனவரியில் நாகர்கோவில்தான் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. ஆக, அந்த வருஷம் காமராஜர் எங்கள் எம்.பி. ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு கூடி, ஜனாதிபதி பதவிக்குச் சஞ்சீவ ரெட்டியை நிறுத்துவதாக முடிவு செய்தது. இந்திரா காந்தி வேறொருவரை விரும்பினார். போர்டில் அவர் பக்கம் தோற்றது. தோற்றாலும், ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் முன்மொழிபவராக அவரே கையெழுத்துப் போட்டார். பார்த்தவர்கள் பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு, மனச்சாட்சிப்படி வோட்டுப் போடலாம் என்று பேச்சுக் கிளம்பியது. கட்சிக்காரர்களில் கணிசமானவர்கள் வி. வி. கிரிக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் கிரி ஜெயித்தார். நவம்பருக்குள் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

இந்திராவின் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ரெட்டியை நிறுத்தியதே தம்மைப் பிரதமர் பதவியிலிருந்து இறக்குவதற்குத்தான் என்று அவர் சந்தேகப்பட்டார்; அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. இருக்கட்டும். அப்படியானால் கையெழுத்து எதற்கு? பெங்களூரிலேயே எழுந்து, நான் இதை ஏற்கவில்லை, கிரிக்கு வேலை செய்யப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கட்சி அப்போதும் உடைந்திருக்கலாம். ஆனால் ரெட்டிக்காக வோட்டுச் சேகரித்தவர்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

மொரார்ஜி தேசாய் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். லால் பகதூர் சாஸ்திரி காலமான பிறகு, 1966 ஜனவரியில், போட்டியே வேண்டாம், ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அவரை எத்தனையோ பேர் கேட்டார்கள். அப்போது கட்சித் தலைவர் காமராஜர். மொரார்ஜி மசியவில்லை. வோட்டுப் பெட்டி வையுங்கள் என்றார். 19-ஆம் தேதி இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. முடிவை ஏற்றுக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். இந்தப் பிடிவாதத்தைப் பலர் குறை கூறினார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எண்ணுவதற்கு முன்னால் விட்டுக்கொடு என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

சொல்லப்போனால் நம் தமிழ்நாட்டுக் கட்சிகளில் நோவு அங்கேதான் இருக்கிறது. இங்கே பிரைமரி கிடையாது. சட்டசபைக்கு யார் நிற்பது என்று ஒரு பட்டியல் தலைமைக் காரியாலயத்திலிருந்து வருகிறது. பட்டியலில் பெயர் இல்லாதவர் மறுநாள் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்கிறார். பத்திரிகைகள் அவருக்குப் 'போட்டி வேட்பாளர்' என்று பட்டம் கொடுக்கின்றன. கட்சி அவரை நீக்குகிறது. பத்து வருஷம் கொடி கட்டியவர், போஸ்டர் ஒட்டியவர், தோட்டத்தை அடகு வைத்துச் செலவு செய்தவர். அவரைப் பார்த்து, பெருந்தன்மையாக நடந்துகொள், ஜெயித்தவருக்குக் கை கொடு என்று எப்படிச் சொல்வது? அவர் தோற்கவே இல்லையே. எத்தனை பேர் தம்மை வேண்டாம் என்றார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுப்பிரமணியத்துக்கு 41 என்று ஒரு கணக்கு இருந்தது. சாருக்கு ஏழு என்று ஒரு கணக்கு இருந்தது. இவருக்கு இருப்பது, இரவு பதினொரு மணிக்கு டெலிவிஷனில் ஓடிய ஒரு பட்டியல்.